விலகும் நந்தி: பள்ளி இசை நாடகத்துக்கு ஏழடி நந்தி செய்யும் முறை

எங்கள் பள்ளியில் நந்தனார் இசை நாடகம் போட்ட முதல் வருடம் நந்தி நகரவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் நந்தனாராக நின்று பாடுகிறான். நந்தி விலக வேண்டிய அடி வந்துவிட்டது. திரைக்குப் பின்னால் நான்கு பேர் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, கருங்கல் மாதிரியே மினுமினுத்த அந்த நந்தி இம்மியும் அசையவில்லை. ஒரு சக்கரம் மேடைப் பலகை இடுக்கில் இறங்கிவிட்டிருந்தது. பையன் அதே அடியை மூன்று முறை திருப்பிப் பாடினான். பிறகு கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, எட்டிச் சந்நிதியைப் பார்த்துக் கும்பிட்டான். கூட்டம் கைதட்டியது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒதுக்கி நிறுத்தப்பட்டவனுக்காகக் கடவுளின் வாகனமே வழிவிட்டது என்பதுதான் கதை. எங்கள் மேடையில் அன்றைக்கும் அவனேதான் ஒதுங்கி எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் செய்த நந்தி நகர்ந்தது. இன்று வரை அதே நந்திதான் நகர்கிறது. அதை எப்படிச் செய்தோம் என்பதை விவரமாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகர்வு முதல், உருவம் பிறகு. அளவு, எடை, சக்கரம், மேடை எல்லாவற்றையும் அந்தப் பன்னிரண்டு விநாடி நகர்வை மனத்தில் வைத்தே முடிவுசெய்யுங்கள்.

முதலில் திருப்புன்கூர்

வேலையைத் தொடங்கும் முன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்புன்கூர் போய் வாருங்கள். வைத்தீசுவரன்கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சிவலோகநாதர் சந்நிதிக்கு எதிரே இருக்கும் பெரிய நந்தி நேர்கோட்டில் இல்லாமல் ஒருபக்கமாக விலகியிருக்கும். நந்தனார் நின்றிருக்கக்கூடிய இடத்தில் பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி, உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு விலகினால் எவ்வளவு தெரியும் என்பது அங்கேயே புரிந்துவிடும். கொம்பு எவ்வளவு சின்னது, திமில் எங்கே தொடங்குகிறது, முன்கால் எப்படி மடிந்திருக்கிறது என்பதை நோட்டில் வரைந்துகொள்ளட்டும்.

அங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும். "அவர் ஏன் சார் உள்ளே போகல?" சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள். பிறப்பைக் காட்டி உள்ளே விடவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நடந்தது 1939இல். சென்னை மாகாணத்தில் எல்லாருக்கும் கோயில் கதவைத் திறந்த சட்டம் வந்தது 1947இல். இந்தப் பிள்ளைகளின் கொள்ளுத்தாத்தாக்கள் பார்த்த காலம்தான் அது. இதைத் தெரிந்துகொண்டு மூங்கில் கட்டும் பிள்ளையின் கைக்கும், வெறுமனே ஒரு மாடு செய்கிறோம் என்று நினைக்கிற பிள்ளையின் கைக்கும் வித்தியாசம் இருக்கிறது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாட்டையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் பூர்விகல்யாணியில் பாடிய 'சற்றே விலகியிரும் பிள்ளாய்' கீர்த்தனைதான் இந்தக் காட்சிக்கு வழக்கமாக வரும். எந்த அடியில், எத்தனையாவது முறை பாடும்போது நந்தி அசையத் தொடங்க வேண்டும் என்பதைப் பாட்டு டீச்சரோடு உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.

மேடையில் எது எங்கே

இங்கேதான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். சந்நிதியை மேடையின் நடுப் பின்புறத்தில் வைத்தால், நந்தி அதைப் பார்த்து உட்கார வேண்டும். கூட்டத்துக்கு நந்தியின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும்.

கீழே உட்கார்ந்து பார்ப்பவர் பக்கமிருந்து சொல்கிறேன். சந்நிதி இடது பின்மூலையில். நந்தனார் வலது முன்மூலையில். இரண்டுக்கும் நடுவே, சந்நிதியைப் பார்த்தபடி நந்தி. இப்படி வைத்தால் உடம்பின் முழு நீளமும் பக்கவாட்டில் தெரியும். தலையை மட்டும் கூட்டத்துப் பக்கம் கொஞ்சம் திருப்பிச் செய்துவிட்டால் முகமும் தெரியும். எங்கள் மேடை 30 அடி அகலம், 16 அடி ஆழம். உங்களுடையது சிறியதாக இருந்தால் நந்தியைக் குறுக்குங்கள், இந்த மூலைக்கு மூலை அமைப்பை மட்டும் விடாதீர்கள்.

நந்தி விலகுவது மேடையின் பின்பக்கம் நோக்கி, 4 அடி. இதில் ஒரு சிக்கல் உண்டு. பின்னோக்கிப் போகும் பொருள் கீழே இருப்பவர் கண்ணுக்கு அவ்வளவாக நகர்ந்ததாகத் தெரியாது. இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறோம்.

ஒன்று, அசையாத பொருள் ஒன்றைப் பக்கத்தில் வைப்பது. நந்தியின் வால் ஓரமாக இரண்டடி உயரத்தில் ஒரு பலிபீடம் வையுங்கள். நந்தி போகப் போக இரண்டுக்கும் நடுவே இடைவெளி பெரிதாகும். கண் அந்த இடைவெளியைத்தான் பார்க்கும்.

இன்னொன்று வெளிச்சம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சந்நிதிக்குள் மூன்றடி உயரத்தில் மஞ்சள் எல்இடி விளக்கு ஒன்றை நந்தியை நோக்கி வைத்துவிடுங்கள். மற்ற விளக்குகளைக் குறைத்தால் நந்தியின் நிழல் நீண்டு நந்தனார் மேல் விழும். பையன் இருட்டில் நின்று பாடுகிறான். நந்தி விலக விலக, அந்த மஞ்சள் வெளிச்சம் முதலில் அவன் தோளில், அப்புறம் கன்னத்தில், பிறகு முகம் முழுக்கப் படரும். அவனுக்குத் தரிசனம் கிடைத்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஹாலஜன் விளக்கு வேண்டாம், துணிக்குப் பக்கத்தில் சூடு ஏறும்.

அளவு

தஞ்சைப் பெரிய கோயில் நந்தி ஏறக்குறைய பத்தொன்பதரை அடி நீளம், 12 அடி உயரம், எட்டேகால் அடி அகலம். இந்த விகிதம் கண்ணுக்குப் பழகியது. இதை அப்படியே சுருக்குங்கள். நீளம் 7 அடி என்றால் உயரம் 4 அடி 4 அங்குலம், அகலம் 3 அடி வரும். கீழே சக்கரத்தோடு சேர்த்து ஓரடிப் பீடம். மொத்தம் ஐந்தேகால் அடிக்கு மேல். எட்டாம் வகுப்புப் பையனை மறைக்க இது போதும். இதற்கு மேல் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள்.

7 அடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டுவிழா கல்யாண மண்டபத்தில் நடந்தால் நந்தி குட்டியானையில்தான் போக வேண்டும். அந்த வண்டியின் தளம் ஏறத்தாழ 7 அடி நீளம், அகலம் 5 அடிக்குச் சற்றுக் குறைவு. தலையைக் கழற்றினால் உடம்பு தாராளமாக அடங்கும். நந்தி செய்யும் அறையின் கதவு அகலத்தையும் அளந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய வகுப்பறைக் கதவுகள் சில மூன்றடிகூட இருக்காது.

சின்னப் படத்தை ஏழடிக்குப் பெரிதாக்க புரொஜெக்டர் எல்லாம் தேவையில்லை. பக்கவாட்டுப் படத்தின் மேல் அரை அங்குலத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். வகுப்பறைத் தரையில் அரை அடிக்கு ஒரு புள்ளி கோலமாவால் வையுங்கள். படத்தில் கோடு எந்தப் புள்ளிகளுக்கு நடுவே போகிறதோ, தரையிலும் அப்படியே இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். மார்கழியில் வாசலில் புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய பிள்ளைகள் இதை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். தரையில் முழு நந்தி விழுந்ததும் எல்லாரும் கொஞ்ச நேரம் சுற்றி நின்று பார்ப்பார்கள். பார்க்க விடுங்கள். தப்பு இருந்தால் அப்போதுதான் தெரியும், கோலமாவைத் துடைத்துத் திருத்துவது சுலபம். முகவாய் கனமாகத் தெரிகிறதா, முதுகு தொய்ந்திருக்கிறதா என்பதை இந்தக் கட்டத்திலேயே சரிசெய்துவிடுங்கள்.

அடிவண்டி

பாதி நேரத்தை இதற்குக் கொடுங்கள். நாங்கள் முதல் முறை உருவத்துக்கு ஐந்து வாரம் செலவழித்துவிட்டுச் சக்கரத்துக்கு அரை நாள் ஒதுக்கினோம். இரண்டாம் முறை ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டபோது அவர் உட்காரும் முன்பே சொன்னது, "சார், மாடு அப்புறம். உருளையைக் காட்டுங்க."

ஆறரை அடிக்கு இரண்டே முக்கால் அடி என்று ஒரு சட்டம். மூன்றுக்கு இரண்டு அங்குலக் கட்டை, குறுக்கே மூன்று கட்டைகள், மேலே 12 மில்லிமீட்டர் பிளைவுட். மூலைகளில் இரும்புக் கோணம் வைத்து போல்ட் போடுங்கள். ஆணி நாலு ஒத்திகையில் தளர்ந்து முனகத் தொடங்கும்.

சக்கரம் நான்கு, நான்கங்குல விட்டம், ரப்பர் பட்டை போட்டது. கடையில் கேட்கும்போது திரும்பாத வகை வேண்டும் என்று சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் சுழலும் சக்கரம்தான் வசதி என்று தோன்றும். ஆனால் அது ஒரு திசையில் நின்றுவிட்டு இன்னொரு திசையில் இழுபடும்போது முதலில் தானே திரும்பிக்கொள்ளும். அந்த நொடியில் நந்தி ஒருபக்கம் வெட்டும், தலை ஆடும். நம் நந்தி போக வேண்டியது ஒரே கோடு. நான்கு திரும்பாத சக்கரங்களையும் அந்தக் கோட்டின் திசையிலேயே, அதாவது நந்தியின் உடம்புக்குக் குறுக்காகப் பொருத்துங்கள். நான்கும் ஒரே நேர்கோட்டில் உருள்கின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள். ஒன்று கொஞ்சம் கோணினாலும் வண்டி இழுக்கும்.

சத்தம் அடுத்த எதிரி. பாட்டுக்கு நடுவே கடகடவென்று கேட்டால் எல்லாம் போச்சு. சக்கரத் தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபை வெட்டி வையுங்கள், அதிர்வு மேலே ஏறாது. அச்சுக்குக் கிரீஸ். போல்ட்டுக்கு ஸ்பிரிங் வாஷர்.

அப்புறம் மேடை. சவுக்குக் கட்டை நட்டுப் பலகை அடுக்கிய மேடையில் இடுக்கு இல்லாமல் இருக்காது. நந்தி போகும் வழியில் மட்டும் 8 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஓரடி அகலத்தில் இரண்டு பட்டையாக விரித்து, ஆணியடித்து, மேலே மேடைத் துணியை இழுத்துக் கட்டுங்கள். கம்பளம் விரித்த மேடை என்றால் கம்பளத்தின் மேலேயே பட்டையைப் போட்டு அதே நிறம் பூசிவிடுங்கள். கம்பளத்தில் சக்கரம் புதைந்தால் இரண்டு மடங்கு பலம் வேண்டியிருக்கும்.

இழுப்பதற்குக் கயிறு வேண்டாம். நைலான் கயிறு முதலில் தான் நீளும், பிறகு சட்டென்று நந்தியைத் துள்ள வைக்கும். அதோடு, ஓடத் தொடங்கிய வண்டியைக் கயிற்றால் நிறுத்த முடியாது. 12 அடிக் கல்மூங்கில் ஒன்றை அடிவண்டியின் சட்டத்தில், தரையிலிருந்து அரையடி உயரத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். கறுப்பு வண்ணம் பூசி, பின்திரைக்கு அடியில் அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுங்கள். இரண்டு பிள்ளைகள் அதைப் பிடித்து இழுக்கலாம், அதையே தள்ளிப் பிடித்து நிறுத்தவும் செய்யலாம். கழி வெளியே வர, திரைக்குப் பின்னால் எட்டடி இடம் வேண்டும். அவ்வளவு இடம் இல்லாவிட்டால் கறுப்புச் சட்டை போட்ட இரண்டு பிள்ளைகளை நந்தியின் மறுபுறம் குனிந்து உட்கார வைத்து, சட்டத்தில் கைப்பிடி போட்டுக்கொடுங்கள். உடம்புக்குள் யாரையும் உட்கார வைக்காதீர்கள். காற்று இருக்காது, வெளியே நடப்பதும் தெரியாது.

நிற்க வேண்டிய இடத்தில் முட்டுக்கட்டை. திருவாரூர்த் தேரையே மரக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத் திருப்பி நிறுத்துகிற ஊர்க்காரர்கள் நாம். நாலடி முடிகிற இடத்தில் ஆப்பு வடிவக் கட்டைகள் இரண்டைப் பட்டையின் மேல் ஒட்டி, சாக்குத் துணி சுற்றிவிடுங்கள். சக்கரம் அதன் மேல் லேசாக ஏறித் தானே நின்றுவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, உருவம் எதுவும் ஏற்றாமல், வண்டியின் மேல் ஒரு நெல் மூட்டையை வைத்து ஓட்டிப் பாருங்கள். 40 கிலோ மூட்டை ஓசையில்லாமல் பன்னிரண்டு விநாடியில் நாலடி போய் நின்றால், அடுத்த வேலைக்குப் போகலாம். போகாவிட்டால் போகும்வரை இங்கேயே நில்லுங்கள்.

கூடு

எடையைப் பற்றி எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர் பொய்க்கால் குதிரை ஆடும் பெரியவர் ஒருவர். இடுப்பில் குதிரையைக் கட்டிக்கொண்டு, காலில் கட்டை கட்டி ராத்திரி முழுக்க ஆடியவர். எங்கள் பழைய நந்தியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சிலை தம்பி, பொம்மை இல்லை. பொம்மைக்கு உள்ளே காத்துதான் இருக்கணும்" என்றார். அவர் சொன்னபடிதான் மூங்கில் பிளாச்சும் துணியும் காகிதமும் என்று இறங்கினோம்.

மூங்கிலை முன்கூட்டியே வாங்கி இரண்டு வாரம் குளத்திலோ தொட்டியிலோ ஊறப்போட்டால் உளு அரிப்பது குறையும். முக்கால் அங்குல அகலத்துக்குப் பிளந்து, கணுவையும் ஓரத்தையும் கத்தியால் வழித்துவிடுங்கள். சீவாத பிளாச்சின் ஓரம் பிள்ளைகளின் உள்ளங்கையைக் கிழித்துவிடும். பிளப்பதும் சீவுவதும் பெரியவர்கள் வேலை.

தரைக்கோலத்தின் மேலேயே வைத்து முதுகெலும்புக் கோட்டை வளையுங்கள். பிறகு அடிவண்டியின் மேல் ஓரடிக்கு ஒன்றாக ஆறு வளைவுகள், விலா எலும்பு மாதிரி. வயிற்றுப் பக்கம் அகலமாகவும் மார்புப் பக்கம் ஒடுங்கியும் வர வேண்டும். ஒரு ராத்திரி ஊறிய பிளாச்சு சொன்னபடி வளையும். முடிச்சுக்குச் சணலைப் பயன்படுத்துங்கள். கட்டுக்கம்பி சீக்கிரம் முடியும், ஆனால் அதன் முனை துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். திமிலுக்கும் மடித்த காலுக்கும் தனிக்கூடு கட்டிச் சேருங்கள். கால் இடுக்கையும் கழுத்து மடிப்பையும் வைக்கோல் பிரியால் சுற்றி வடிவம் கொடுக்கலாம். அதுவும் காய்ந்த வைக்கோலாக இருக்கட்டும்.

கூடு முடிந்ததும் ஒருவர் அதைத் தனியாகத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாவிட்டால் மூங்கில் அதிகம்.

தோல்

முதல் அடுக்கு பழைய வேட்டி. நூல் வேட்டியாக இருக்க வேண்டும், பாலியெஸ்டர் பசையைக் குடிக்காது. பசைக்கு ஒரு கிலோ மைதாவுக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர். குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். வெண்மை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கி, ஒரு பிடி படிகாரத்தூள் போடுங்கள். அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள், மறுநாள் புளித்து நாற்றமடிக்கும். தலையாட்டி பொம்மை செய்கிற தஞ்சாவூர்ப் பக்கத்தில் காகிதமும் பசையும் புதிதில்லை, பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர்களில் யாராவது ஒருவருக்குக் கைப்பக்குவம் தெரிந்திருக்கும். கூப்பிடுங்கள், வருவார்கள்.

வேட்டியைப் பசையில் முக்கிப் பிழிந்து கூட்டின் மேல் இழுத்து ஒட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். அதன் மேல் நான்கு அடுக்குக் காகிதம். கத்தரிக்காமல் கிழித்து ஒட்டுங்கள், கிழிந்த ஓரம்தான் தடம் தெரியாமல் படியும். ஓர் அடுக்கு செய்தித்தாள், அடுத்தது பழுப்புத்தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எந்த இடம் விட்டுப்போனது என்று நிறமே காட்டிக்கொடுக்கும்.

காய்வதுதான் நம் ஊரில் பெரிய பாடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். காகிதம் ஒருபக்கம் பூத்துவிடும். மார்கழியில் வெயில் உண்டு, பனியும் உண்டு. பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை வெளியே வைத்து, பொழுது சாயும் முன் உள்ளே இழுத்துவிட வேண்டும். சக்கரம் ஏற்கெனவே இருப்பதால் இது சுலபம். ஓர் அடுக்கு காய இரண்டு நாள் என்று கணக்கு வையுங்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. விரலால் தட்டினால் காய்ந்த சுரைக்குடுக்கை மாதிரி டொக்கென்று கேட்க வேண்டும். அந்தச் சத்தம் வராமல் அடுத்த அடுக்கைப் போடாதீர்கள். அவசரப்பட்டு மூடிய ஈரம் பிற்பாடு பூஞ்சையாக வெளியே வரும்.

தலை

தலையைத் தனியாகச் செய்யுங்கள். கழுத்தில் இரண்டு மூங்கில் முளைகளும் உடம்பில் அவை இறங்கும் இரண்டு குழாய்களும் இருந்தால் ஒரு நிமிடத்தில் மாட்டலாம், கழற்றலாம். இணைப்பை மணிமாலை மறைத்துவிடும்.

கண்ணுக்குக் கொட்டாங்கச்சி, பாதி மூடி. நன்றாகத் தேய்த்துக் கவிழ்த்து ஒட்டி, மேலே சணலால் இமை. காதுக்குப் பாக்கு மட்டை. தண்ணீரில் ஊறவைத்து வளைத்து, கயிறு கட்டிக் காயவிட்டால் அந்த வளைவிலேயே நின்றுவிடும், எடையும் இல்லை. கொம்புக்குக் காகிதக் கூம்பு போதும். மணிகளுக்கு உதிர்ந்து காய்ந்த தென்னங்குரும்பையைப் பொன் வண்ணம் பூசிக் கோத்துக்கொள்ளலாம். உண்மை மணி ஒன்றுகூட வேண்டாம், நகரும்போது ஒலிக்கும்.

முகத்தில் நேரத்தைச் செலவழியுங்கள். நந்தி கோபக்கார மாடு இல்லை. இமை பாதி தாழ்ந்து, முகவாய் லேசாக உயர்ந்து, கேட்டுக்கொண்டிருக்கிற முகமாக வர வேண்டும். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி வீட்டுப் பசு அசைபோடுகிறபோது கண்ணை எப்படி வைத்துக்கொள்ளும் என்று நாலைந்து நாள் பார்த்துவிட்டு வந்து இமையைப் பிரித்து மறுபடி கட்டினாள். அந்த முகத்தை இன்றும் மாற்றவில்லை.

தலையை மாட்டியதும் வண்டி முன்பக்கம் தாழ்ந்தால் பின்பக்கச் சட்டத்தில் இரண்டு செங்கலைக் கட்டுங்கள். எங்கள் நந்தியைக் கொள்முதல் நிலையத் தராசில் ஏற்றிப் பார்த்தோம், வண்டியோடு 46 கிலோ. நாம் ஓட்டிப் பார்த்த நெல் மூட்டையைவிட ஆறு கிலோதான் அதிகம்.

நிறம்

வெள்ளை டிஸ்டெம்பர் ஒரு கை அடித்துவிட்டு மேலே எமல்ஷன். வெறும் கறுப்பு அடித்தால் மேடை வெளிச்சத்தில் நந்தி ஓர் இருட்டுக் குழியாகத்தான் தெரியும். கறுப்பில் கொஞ்சம் நீலமும் சாம்பலும் கலந்து அடித்து, காய்ந்தபின் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் வெளிர்சாம்பலைத் தொட்டு மேடுகளில் மட்டும் தேயுங்கள். விலா, திமில், மூக்கு எல்லாம் எழுந்துவரும். எண்ணெய் சாற்றிச் சாற்றிப் பளபளத்த இடம் கோயில் நந்திக்கு நெற்றியும் முதுகும்தான். அங்கே மட்டும் வார்னிஷ் ஒரு பூச்சு போதும்.

நெருப்பு

வைக்கோல், துணி, காகிதம், மூங்கில். நாம் செய்திருப்பது எரிகிற பொருளால் ஆனது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். இந்த டெல்டாவில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற யாரும் அந்த நாளை மறந்துவிட்டு மேடை கட்டக் கூடாது.

ஆகவே மேடையில் கற்பூர ஆரத்தி கிடையாது, அகல் கிடையாது, ஊதுவத்திகூடக் கிடையாது. தீபம் வேண்டுமென்றால் பேட்டரி விளக்கு. யார் கேட்டாலும், எவ்வளவு பெரியவர் சொன்னாலும் இதில் இறங்கி வராதீர்கள். நிறம் பூசும் முன் 10 லிட்டர் தண்ணீரில் 700 கிராம் வெண்காரமும் 300 கிராம் போரிக் அமிலமும் கரைத்து உள்ளேயும் வெளியேயும் தெளித்துக் காயவிடுங்கள். தீ சட்டென்று பற்றுவதை இது தாமதப்படுத்தும், முழுக்கத் தடுக்காது. கையுறை போட்டுக்கொண்டு பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. மின்கம்பி எதுவும் நந்தியின் பாதையில் குறுக்கே போகக் கூடாது. மேடையின் இரண்டு பக்கமும் மணல் வாளி, தீயணைப்பான், அதை இயக்கத் தெரிந்த ஒருவர்.

ஒத்திகை

கழி இழுக்கும் இரண்டு பிள்ளைகளும் நடிகர்கள்தான். பாட்டு முழுவதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் அவர்களுக்குப் பையனின் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். அதனால் தாளத்தைத் தொடையில் போட்டுக்கொண்டே கேட்டு, குறித்த அடியில் மெல்லத் தொடங்க வேண்டும். முதல் அரை அடிக்கு மூன்று விநாடி. முதல் அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக இருந்தால்தான் கூட்டத்தில் யாராவது ஒருவர் "நகருது" என்று மூச்சுவிடுவார். நடுவில் சீராக. கடைசி அரை அடி மறுபடி மெதுவாக, முட்டுக்கட்டை மேல் படியும்வரை. பத்து முறை பழகினால் போதும் என்று நினைத்தோம், நாற்பது முறை தேவைப்பட்டது.

நந்தனார் பையனுக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். நந்தி நகர்கிறதா என்று அவன் நந்தியைப் பார்க்கக் கூடாது, சந்நிதி இருக்கும் திசையையே பார்த்துப் பாட வேண்டும். சக்கரம் எப்போதாவது நின்றுவிட்டால், அவன் அதே அடியைப் பாடிக்கொண்டே இருக்க, மாட்டின் மறுபுறமிருந்து இழுக்க ஓர் ஆள் தயாராக இருக்க வேண்டும். அந்த ஆள் நானாகத்தான் இருக்கிறேன், ஒவ்வொரு வருடமும். இதுவரை தேவைப்படவில்லை.

விழா முடிந்த பிறகு

ராத்திரியோடு ராத்திரியாக நந்தியைச் சைக்கிள் கொட்டகையில் போட்டுவிடாதீர்கள். மைதாப் பசை எலிக்கும் கரப்பானுக்கும் சாப்பாடு. தலையைக் கழற்றி, துணியில் சுற்றி, உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். உடம்புக்குள் காய்ந்த வேப்பிலையும் நாப்தலின் உருண்டையும். அடிவண்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்துச் சக்கரங்கள் தரையைத் தொடாமல் விடுங்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் எடை தாங்கினால் ரப்பர் ஒருபக்கம் தட்டையாகி, அடுத்த வருடம் ஒவ்வொரு சுற்றுக்கும் டப் டப் என்று அடிக்கும். ஆடி, ஆவணியில் ஒருநாள் துணியை விலக்கி, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து, நான்கு சக்கரத்தையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள்.